கை தானாகப் போகிறதா, மனம் பேரம் பேசுகிறதா? – வேண்டாத பழக்கங்களை விடுவது பற்றி

#1 நூல்கண்டு

இரண்டு பக்கமும் படித்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. உளவியல்காரர்கள் "தூண்டுதலை எடு, சூழலை மாற்று" என்கிறார்கள். பொருளியல்காரர்கள் "விலையை ஏற்று, அபராதம் போடு, பணத்தைப் பணயம் வை" என்கிறார்கள். இவர்களுக்கு நடுவே ஊர் முழுக்க "21 நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, போய்விடும்" என்கிறது.

நகம் கடிப்பது, படுக்கையில் போன் பார்ப்பது, சிகரெட். இந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். எதற்கு எந்தக் கருவி, எந்த அளவில், எங்கே சொதப்பும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "மன உறுதி வேண்டும்" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அது எல்லா வீட்டிலும் இலவசமாகவே கிடைக்கிறது.

#2 எதிர்வாதி

முதலில் அந்த 21-க்கு ஒரு முடிவு கட்டிவிடுவோம். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதியது அது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது, முகமும் உதிர்ந்துவிட்டது, எண் மட்டும் ஊர் சுற்றுகிறது.

உட்கார்ந்து அளந்து பார்த்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியின் குழு, 2010-ல். 96 பேர், 12 வாரம், தினமும் ஒரே தூண்டுதலுக்குப் பின் ஒரே புதுச் செயல். அந்தச் செயல் யோசிக்காமல் வரும் நிலையை எட்ட ஆன காலத்தின் இடைநிலை மதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். 84 நாள் ஆய்வில் 254 எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஒவ்வொருவரின் முன்னேற்றத்தையும் காட்டும் வளைகோட்டை முன்னே நீட்டிக் கணித்தது. அந்த வளைகோடு நன்றாகப் பொருந்தியதே 39 பேருக்குத்தான். ஆகவே "66 நாள்" என்று சுவரில் எழுதி ஒட்டுவதும் 21-ஐ ஒட்டுவதும் ஏறக்குறைய ஒன்று.

அதைவிட முக்கியம்: அது புதுப் பழக்கத்தை உண்டாக்குவது பற்றிய ஆய்வு. பழையதை விடுவது வேறு வேலை.

#3 கணக்குப்பிள்ளை

பொருளியல் சொல்வது "அபராதம் போடு" மட்டும் இல்லை நண்பரே. அடிப்படைக் கேள்வியே வேறு: வேண்டாம் என்று காலையில் முடிவெடுத்த அதே ஆள் ராத்திரி ஏன் மனம் மாறுகிறார்?

ஜார்ஜ் ஐன்ஸ்லி 1975-லும், டேவிட் லெய்ப்சன் 1997-லும் இதற்கு ஒரு கணக்கு கொடுத்தார்கள். லெய்ப்சனின் வடிவம் எளிது. 'இப்போது' கிடைப்பதற்கு முழு மதிப்பு. 'அப்புறம்' வருவது எதுவானாலும் ஒரு பின்னத்தால் பெருக்கப்படும். அந்தப் பின்னம் 0.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் ஒரு மணி நேரம் போன் பார்ப்பதில் இன்பம் 6, மறுநாள் தூக்கக் கலக்கத்தின் நஷ்டம் 8.

காலையில் யோசிக்கும்போது இரண்டுமே 'அப்புறம்'. 0.7 × 6 கழித்தல் 0.7 × 8 = மைனஸ் 1.4. வேண்டவே வேண்டாம் என்று தோன்றும்.
ராத்திரி படுக்கையில் இன்பம் 'இப்போது', நஷ்டம் 'அப்புறம்'. 6 கழித்தல் 5.6 = பிளஸ் 0.4. பார்க்கலாமே என்று தோன்றும்.

ஆள் பொய் சொல்லவில்லை, பலவீனமானவரும் இல்லை. இடம் மாறியதும் கணக்கின் குறி மாறிவிட்டது. கவனியுங்கள், அந்த ராத்திரி ஆளை வெல்லத் தேவையானது 0.4-க்கு மேல் கொஞ்சம்தான். எழுந்து போய் அடுத்த அறையிலிருந்து போனை எடுத்து வரும் சள்ளைக்கு 0.5 என்று விலை வையுங்கள். அது 'இப்போது' வருவது, முழு மதிப்பு. 0.4 கழித்தல் 0.5, கதை முடிந்தது. அதே 0.5-ஐ மாதக் கடைசியில் கட்டும் அபராதமாக வைத்தால் 0.35-ஆகச் சுருங்கும். 0.05 மிச்சம் இருக்கிறது, போன் கையில் இருக்கும்.

அதனால்தான் பெரிய, தூரத்து அபராதங்கள் தோற்று, சின்ன, உடனடித் தொல்லைகள் ஜெயிக்கின்றன. கணக்கு மாதிரியிலிருந்தே வருவது இது, அனுபவ ஞானம் இல்லை.

#4 எதிர்வாதி

> ராத்திரி ஆளை வெல்லத் தேவையானது 0.4

அழகான கணக்கு. ஆனால் நகம் கடிப்பவர் எந்த 6-ஐ எந்த 8-ஓடு ஒப்பிடுகிறார்? விரல் வாயில் இருப்பதே பாதி நேரம் அவருக்குத் தெரியாது.

#5 சிற்றெறும்பு

எதிர்வாதி கை வைத்த இடம்தான் இந்த இழையின் நடுப்புள்ளி. இரண்டு வேறு விஷயங்களை நாம் ஒரே பெயரால் அழைக்கிறோம்.

1982-ல் ஆடம்ஸ் எலிகளை வைத்துச் செய்த சோதனை இது. நெம்புகோலை அழுத்தினால் சர்க்கரை உருண்டை. ஒரு கூட்டத்துக்கு 100 அழுத்தல் பயிற்சி, இன்னொன்றுக்கு 500. பிறகு அதே சர்க்கரையைத் தின்றால் குமட்டும்படி செய்தார்கள். 100 பயின்ற எலிகள் நெம்புகோலை அழுத்துவதைக் குறைத்துக்கொண்டன. 500 பயின்றவை அழுத்திக்கொண்டே இருந்தன. பலன் கசந்த பிறகும் செயல் ஓடினால் அதுதான் கறாரான பொருளில் பழக்கம். அங்கே விலைக் கணக்கு நடக்கவே இல்லை.

மனிதர்களிடமும் பார்த்தாயிற்று. டேவிட் நீல், வெண்டி வுட் குழு 2011-ல் தியேட்டரில் பாப்கார்ன் கொடுத்தது. சிலருக்குப் புதிது, சிலருக்கு ஏழு நாள் பழசு. தியேட்டரில் எப்போதும் பாப்கார்ன் தின்னும் பழக்கமுள்ளவர்கள், நன்றாக இல்லை என்று சொல்லிக்கொண்டே, பழசையும் புதிதளவுக்குத் தின்றார்கள். அவர்களையே வழக்கமில்லாத கையால் எடுத்துத் தின்னச் சொன்னபோது பழசு மிஞ்சியது. கை மாறியதும் யோசனை திரும்பி வந்துவிட்டது.

ஆகவே முதல் வேலை கருவி தேடுவதில்லை, வகை பிரிப்பது. நான்கு நாள், ஒரு துண்டுச்சீட்டில் ஒவ்வொரு தடவையும் குறியுங்கள்: நேரம், இடம், அதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எப்போது *கவனித்தீர்கள்*. கடைசியதுதான் முக்கியம்.

செயல் பாதியில் அல்லது முடிந்த பிறகே கவனித்தீர்கள் என்றால் கை தானாகப் போகிறது. இடத்தோடும் முந்தைய செயலோடும் ஒட்டியிருக்கும். செய்ததில் பெரிய சுகமும் இருக்காது.

செய்வதற்கு முன்பே "இன்னிக்கு ஒரு நாள்தானே", "ஒண்ணே ஒண்ணு" என்று உள்ளே வக்கீல் வாதாடினால் மனம் பேரம் பேசுகிறது. கணக்குப்பிள்ளையின் 0.7 அங்கே பொருந்தும்.

கை தானாகப் போகும் பழக்கத்துக்கு அபராதம் போட்டால், அபராதமும் கட்டுவீர்கள், பழக்கமும் இருக்கும். பேரம் பேசும் ஆசைக்கு "கவனித்துப் பாருங்கள்" என்று பயிற்சி கொடுத்தால் நன்றாகக் கவனித்துக்கொண்டே செய்வீர்கள்.

#6 நூல்கண்டு

அப்படியானால் நகம் முதல் வகை. போன் இரண்டும். சிகரெட்?

#7 சிற்றெறும்பு

சிகரெட் இரண்டும், கூடவே நிகோட்டினும். அதை மருந்துச்சீட்டு வந்து சொல்லட்டும். நான் நகத்தை முடித்துவிடுகிறேன்.

இதற்கு அசல் முறை அஸ்ரின், நன் இருவரும் 1973-ல் கொடுத்த பழக்க மாற்றுப் பயிற்சி. வலிப்புப்போல் வரும் முகச் சுளிப்பு, முடி பிடுங்குதல், நகம் கடித்தல் எல்லாவற்றுக்கும் இன்றும் இதுதான் முதல் கருவி.

முதல் படி, செயலைத் துண்டு துண்டாகப் பிரிப்பது. நகம் கடிப்பது வாயில் தொடங்குவதில்லை. பெருவிரல் நுனி மற்ற விரல்களின் நக ஓரத்தைத் தடவிப் பார்க்கும். எங்கேயாவது ஒரு பிசிறு, ஒரு சொரசொரப்பு தட்டுப்படும். அதற்குப் பிறகு கை மேலே எழும், முழங்கை மேசையில் ஊன்றும், விரல் உதட்டைத் தொடும், பிறகுதான் பல். பிடிக்க வேண்டிய இடம் அந்தத் தடவல்; பல்லில் பிடித்தால் காலம் கடந்துவிட்டது. கண்ணாடி முன் உட்கார்ந்து வேண்டுமென்றே பத்துப் பன்னிரண்டு தடவை மெதுவாகச் செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்திப் பாருங்கள். அசட்டுத்தனமாகத் தோன்றும். இதைத் தவிர்ப்பவர்களுக்குத்தான் அடுத்த படி வேலை செய்வதில்லை.

இரண்டாம் படி, போட்டிச் செயல். தடவலைக் கவனித்த உடனே கையை மூடி, பெருவிரலை உள்ளே வைத்து, லேசாக அழுத்தி ஒன்று முதல் மூன்று நிமிடம் பிடிப்பது. போட்டிச் செயலுக்கு மூன்று நிபந்தனை: அதைச் செய்யும்போது பழைய செயலைச் செய்ய உடலளவில் முடியக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு விசித்திரமாகத் தெரியக் கூடாது, கைவசம் வேறு பொருள் தேவைப்படக் கூடாது. ரப்பர் பந்து வாங்குபவர்கள் மூன்றாவதில் தோற்பார்கள்; பந்து வேறு அறையில் இருக்கும்.

மூன்றாவது, கூட இருப்பவர் ஒருவர். அவர் வேலை, முஷ்டி மூடியதைப் பார்த்தால் ஒரு வார்த்தை பாராட்டுவது; கடிக்கும்போது பார்த்தால் "கையைப் பார்" என்று நினைவூட்டுவது. திட்டுவது இல்லை.

வழக்கமாகச் சொதப்பும் இடங்கள்: தட்டச்சு செய்யும்போது முஷ்டி மூட முடியாது என்பதால் விட்டுவிடுவது (அந்த நேரத்துக்கு விரல்களை விசைகள் மேல் தட்டையாக அழுத்தி வைக்கலாம்). பத்து விநாடியில் விட்டுவிடுவது. உந்துதல் தணியும் முன் கையை விட்டால் அது நேரே வாய்க்கே போகும். பிசிறை அப்படியே விட்டு வைப்பது. பையில் ஒரு நக அரம் இருந்தால் தூண்டுதலில் பாதி அங்கேயே போய்விடும்.

கசப்பு நெயில் பாலிஷ் பற்றிக் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது தண்டனை என்பதைவிட எச்சரிக்கை மணி. நாக்கில் பட்டதும் கவனம் திரும்பும். அந்த நொடியில் செய்ய ஒரு போட்டிச் செயல் தயாராக இருந்தால் உதவும். இல்லாவிட்டால் கசப்புக்கும் பழகிப்போவார்கள்.

#8 கணக்குப்பிள்ளை

திட்டம் எழுதுபவர்களுக்கு ஒன்று. "தடவலைக் கவனித்தால், முஷ்டியை மூடுவேன்" என்று 'இது நடந்தால் இதைச் செய்வேன்' வடிவில் எழுதுங்கள். பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் இந்த வடிவத்துக்கு நடுத்தரத்துக்கு மேற்பட்ட விளைவு தெரிந்தது.

#9 சிற்றெறும்பு

ஒரு எச்சரிக்கையோடு. "கவனித்தால், கடிக்க *மாட்டேன்*" என்று எழுதாதீர்கள். 2011-ல் மரிக்கே ஆட்ரியான்சே குழு இதைத் தனியாகச் சோதித்தது. எதிர்மறையாக எழுதிய திட்டம் பழைய செயலையே மனதில் மேலே கொண்டுவந்து நிறுத்துகிறது. திட்டத்தில் ஒரு செயல் இருக்க வேண்டும்.

#10 அந்திமழை

போன் என் பக்கம். இதில் தூண்டுதல், விலை இரண்டும் கையில் பிடித்துத் திருகக்கூடிய திருகாணிகள்.

ஹன்ட் ஆல்காட், மேத்யூ ஜென்ட்ஸ்கோ, லீனா சாங் 2022-ல் வெளியிட்ட ஆய்வின் மதிப்பீடு: சமூக ஊடகப் பயன்பாட்டில் 31% தன்னடக்கக் குறைவால் வருவது. அதாவது அந்த ஆட்களே வேண்டாம் என்று நினைக்கும் பயன்பாடு. நேரத்தைக் குறைத்தவர்களுக்குச் சில வாரம் பணம் கொடுத்தார்கள். பணம் நின்ற பிறகும் குறைவு ஓரளவு நீடித்தது. பழக்கத்தின் பங்கு இருப்பதற்கு அதுவே சாட்சி.

ராத்திரி விஷயத்துக்கு வருவோம். எல்லோரும் முதலில் செய்வது ஆப்பில் நேர வரம்பு போடுவது. அது ஏன் தோற்கிறது என்றால், வரம்பு முடிந்ததும் வரும் திரையில் 'இன்று மட்டும் விடு' என்ற பொத்தான் ஒரே தட்டலில் இருக்கிறது. கணக்குப்பிள்ளையின் கணக்கில் அதன் விலை 0.5 இல்லை, 0.02. இரண்டே வாரத்தில் அந்தத் தட்டலும் பழக்கமாகிவிடும். கை திரையைப் படிக்காமலே தட்டும்.

வேலை செய்யும் வரிசை இது. சார்ஜரை முதலில் இடம் மாற்றுங்கள், போனை இல்லை. போன் சார்ஜரைத் தேடிப் போய்விடும். படுக்கையறையில் ஒரு சார்ஜர்கூட மிச்சம் இருக்கக் கூடாது. பவர் பேங்க்கும் சேர்த்து. அடுத்து அலாரம். "அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைக்கிறேன்" என்ற ஒற்றை வரி இந்தத் திட்டத்தைக் கவிழ்த்த மாதிரி வேறு எதுவும் கவிழ்த்ததில்லை. ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் முதல் நாளே வந்துவிட வேண்டும், "அடுத்த வாரம் வாங்கலாம்" இல்லை. அவசர அழைப்பு வரக்கூடியவர்கள் குறிப்பிட்ட எண்களுக்கு மட்டும் மணி அடிக்கும்படி வைத்து, சத்தத்தைக் கூட்டி வெளியே வையுங்கள்.

பிறகு ஆப். நீக்குவதைவிட ஒவ்வொரு தடவையும் லாக் அவுட் செய்வது மேல் என்பது என் கருத்து. நீக்கினால் மூன்றாம் நாள் திரும்ப வந்து, பாஸ்வேர்டும் நினைவில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்தே போட்டுவிடும். லாக் அவுட், பாஸ்வேர்டைச் சேமிக்காதே, நீளமான பாஸ்வேர்ட்: ஒவ்வொரு தடவையும் இருபது விநாடி. வரம்புக்கு ரகசிய எண் போடுவதானால் அதை வேறொருவர் போட வேண்டும்.

நோட்டிபிகேஷன் மனித அழைப்புக்கும் செய்திக்கும் மட்டும். மற்றதெல்லாம் அணைக்க.

போன் போன இடத்தில் என்ன வரப்போகிறது என்று யோசிக்காமல் இதையெல்லாம் செய்தால் நான்காம் நாள் லேப்டாப் படுக்கைக்கு வரும். படுத்து, தூக்கம் வரும் வரையிலான அந்த இருபது முப்பது நிமிடம் ஒரு காலி நாற்காலி. அதில் யாராவது உட்கார வேண்டும்.

#11 எதிர்வாதி

இதோடு சேர்த்து ஒன்று. மன உறுதி ஒரு பேட்டரி மாதிரி, பயன்படுத்தப் பயன்படுத்தத் தீரும் என்று 1998-லிருந்து சொல்லிவந்தார்கள். 2016-ல் 23 ஆய்வுக்கூடங்கள், 2,000-க்கு மேற்பட்டவர்களை வைத்து ஒரே நெறிமுறையில் திரும்பச் செய்து பார்த்தபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யம். அந்தக் கதையை நம்பி "ராத்திரி பேட்டரி தீர்ந்துவிடும், அதனால் மன்னித்துக்கொள்" என்று திட்டம் போடாதீர்கள். தன்னடக்கம் மிகுந்தவர்கள் என்று அளவிடப்படுகிறவர்கள் ஆசையோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர்கள் இல்லை. ஆசை எதிரே வரும் சந்தர்ப்பமே அவர்களுக்குக் குறைவு. சார்ஜரை இடம் மாற்றுவது அதைத்தான் செய்கிறது.

இப்போது பணத்துக்கு வாருங்கள், கணக்குப்பிள்ளை சார். டெபாசிட் கட்டிப் பழக்கத்தை விடும் திட்டங்கள் உண்மையில் ஜெயிக்கின்றனவா?

#12 கணக்குப்பிள்ளை

ஜெயிக்கின்றன, சேருகிறவர்களுக்கு. சேருவதுதான் இல்லை.

2010-ல் ஜினே, கார்லன், ஜின்மன் பிலிப்பைன்ஸில் நடத்திய சோதனை: புகைப்பவர் ஒரு கணக்கில் ஆறு மாதம் பணம் போடுவார், ஆறாம் மாதம் சிறுநீர்ப் பரிசோதனை, நிகோட்டின் இருந்தால் பணம் முழுதும் தர்மத்துக்கு. அழைக்கப்பட்டவர்களில் 11% சேர்ந்தார்கள். ஆனாலும் *அழைக்கப்பட்ட எல்லோரையும்* சேர்த்துப் பார்த்தாலே, சொல்லாமல் கொள்ளாமல் நடத்திய பன்னிரண்டாம் மாதப் பரிசோதனையில் தேறியவர்கள், அழைக்கப்படாதவர்களைவிட 3 சதவீதப் புள்ளி அதிகம்.

2015-ல் ஸ்காட் ஹால்பெர்ன் குழு அமெரிக்காவில் 2,538 பேரை வைத்துப் பரிசையும் டெபாசிட்டையும் நேருக்கு நேர் மோதவிட்டது. விட்டால் 800 டாலர் பரிசு என்ற திட்டத்தை 90% பேர் ஏற்றார்கள். 150 டாலர் தன் பணத்தைக் கட்டு, விட்டால் அதோடு 650 டாலர் சேர்த்துத் தருகிறோம் என்ற திட்டத்தை ஏற்றவர்கள் 13.7%. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பரிசுத் திட்டத்தில் 15.7% பேர் விட்டிருந்தார்கள், டெபாசிட்டில் 10.2%, வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களில் 6%. எதைக் கொடுத்தாலும் ஏற்றிருக்கக்கூடியவர்களை மட்டும் பிரித்துக் கணித்தால் டெபாசிட் பரிசைவிட 13.2 சதவீதப் புள்ளி மேலே. மருந்து வீரியமானது, விழுங்கத்தான் ஆள் இல்லை.

தனியாக ஒரு டெபாசிட் ஏற்பாடு செய்பவர்களுக்கு அமைப்பு விவரம்:

தொகை: இழந்தால் உறுத்த வேண்டும், வாழ்க்கை நின்றுவிடக் கூடாது. இரண்டு மூன்று நாள் வருமானம் நல்ல தொடக்கம். ஒரு மாத வருமானத்தைக் கட்டுவேன் என்பவர் கட்டமாட்டார், அல்லது கட்டிவிட்டு முதல் சறுக்கலில் நடுவரோடு சண்டை போடுவார்.

துண்டு: முழுவதையும் ஒரே முடிச்சில் கட்டாதீர்கள். எட்டு வாரம் என்றால் எட்டாகப் பிரித்து வாராவாரம் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும். முதல் வாரமே முழுப் பணமும் போய்விட்டால் மிச்சம் ஏழு வாரம் இழக்க என்ன இருக்கிறது?

அளவீடு: பணம் எதைப் பார்த்துத் திரும்புகிறதோ அது மூன்றாம் மனிதர் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். போனின் திரை நேர அறிக்கை சரி. நகத்துக்கு, ஞாயிறுதோறும் பத்து விரலின் படம். "இந்த வாரம் நன்றாக இருந்தேன்" என்பது அளவீடு இல்லை.

நடுவர்: வாழ்க்கைத்துணை வேண்டாம். உயிர் நண்பரும் வேண்டாம், இரக்கப்படுவார். கறாரான அலுவலக நண்பர் போன்ற ஒருவர்.

பணம் போகும் இடம்: உங்களுக்குப் பிடித்த தர்மத்துக்குப் போனால் தோற்கும்போதும் புண்ணியக் கணக்கு வரும். பிடிக்காத காரியத்துக்குப் போனால் முனை கூர்மையாகும். சிலருக்கு அந்தக் கூர்மையே சேரவிடாமல் செய்யும். நடுவழி, நடுவரே வைத்துக்கொள்வது.

#13 எதிர்வாதி

அபராதம் சின்னதாக இருந்தால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைக் காப்பகங்களில் நடந்த ஆய்வு, கினீஸி, ருஸ்டிச்சினி, 2000. பெற்றோர் தாமதமாக வந்தால் 10 ஷெக்கல் அபராதம் என்றார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. அதுவரை குற்ற உணர்ச்சி தடுத்துக்கொண்டிருந்தது. அபராதம் வந்ததும் அது சேவைக் கட்டணமாகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் தாமதம் பழைய அளவுக்கு இறங்கவில்லை. "ஒரு தடவைக்கு இவ்வளவு" என்று உண்டியல் வைக்கும் வீட்டுத் திட்டங்கள் பல இதே பள்ளத்தில் விழும்: காசைப் போட்டுவிட்டு நிம்மதியாகச் செய்வார்கள்.

#14 மருந்துச்சீட்டு

சிகரெட்டுக்குக் கூப்பிட்டதால் வந்தேன்.

விலை வேலை செய்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். உயர் வருமான நாடுகளில் விலை 10% ஏறினால் நுகர்வு சுமார் 4% குறைகிறது, நீண்ட காலத்தில் அதற்கும் மேல். பெக்கர், மர்ஃபி 1988-ல் வைத்த 'பகுத்தறிவோடு அடிமையாதல்' கோட்பாட்டை (அடிமையானவரும் வருங்கால லாப நஷ்டத்தைக் கணக்கிட்டே நடக்கிறார் என்பது) உளவியல்காரர்கள் கேலி செய்வார்கள். ஆனால் அதே கோட்பாடு, வலுவான அடிமைத்தனம் படிப்படியாக இல்லாமல் ஒரேயடியாகத்தான் முடியும் என்று சொன்னது. 2016-ல் இங்கிலாந்தில் 697 பேரை வைத்துச் செய்த சோதனையில், ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49% நான்கு வாரம் தாண்டினார்கள். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 39.2%. ஆறு மாதத்தில் 22%, 15.5%. இரு பக்கமும் நிகோட்டின் மாற்று கொடுக்கப்பட்டது.

நிகோட்டினை நிறுத்தியதும் வரும் உடல், மனத் தொல்லைகள் முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். அந்தக் காலத்தில் தூண்டுதலோடும் ரத்தத்தோடும் ஒரே நேரத்தில் போராட வேண்டாம் என்பதற்குத்தான் தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையும் (patch) மெல்லும் நிகோட்டின் கம்மும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது: பட்டை அடித்தளம், கம் திடீர் உந்துதலுக்கு. எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் கம், மற்றவருக்கு 2. நாளைக்கு 10-க்கு மேல் புகைப்பவருக்கு வழக்கமான பட்டை வரிசை 21 மில்லிகிராம் ஆறு வாரம், 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம். இதய நோய், கர்ப்பம், வேறு மருந்துகள் இருந்தால் மருத்துவரைக் கேட்டுத்தான்.

"கம் எனக்கு வேலை செய்யவில்லை" என்பவர்களில் பலர் அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றிருப்பார்கள். அப்படி மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். மெதுவாக மென்று, நாக்கில் சுள்ளென்ற உணர்வு வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். உணர்வு மங்கியதும் திரும்பவும் சில கடி, வேறு இடத்தில் ஒதுக்கல். சுமார் 30 நிமிடம். அதற்குக் கால் மணி நேரம் முன்பும், வாயில் இருக்கும்போதும் காபி, பழரசம், குளிர்பானம் கூடாது. அமிலத்தன்மை உறிஞ்சலைக் கெடுக்கும்.

இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் தினசரி அதிகமாகக் குடிக்கும் மதுவையோ, நீண்ட நாள் எடுக்கும் தூக்க மாத்திரையையோ தானாக ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். அதில் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. அங்கே டெபாசிட்டும் முஷ்டியும் இல்லை, மருத்துவமனைதான்.

#15 நூல்கண்டு

ஆறு மாதம் விட்டவர்கள்கூட ஒரு பயணம், ஒரு பழைய நண்பர் கூட்டம் என்றால் திரும்ப ஆரம்பிப்பது ஏன்? அப்போது பழக்கம் போகவே இல்லையா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சரிதானா?

#16 சிற்றெறும்பு

பாதி சரி. உளவியலாளர் மார்க் பூட்டன் பல ஆண்டு காட்டிவந்தது இதுதான்: பழைய கற்றல் அழிவதில்லை, அதன் மேல் 'இங்கே இப்போது இல்லை' என்ற புதுக் கற்றல் படிகிறது. அந்தப் புதுக் கற்றல் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டது. இடம் மாறினால் மேல் படிவு கழன்று அடியில் இருப்பது தெரியும்.

இதன் மறுபக்கத்தைக் காட்டியது லீ ராபின்ஸ் 1970-களில் செய்த ஆய்வு. வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமை. அவர்களில் ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5%; மூன்று ஆண்டில் கொஞ்ச காலமாவது மீண்டும் அடிமையானவர்கள் 12%. தூண்டுதல்கள் எல்லாம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. கிடைப்பதும் அரிதாயிற்று, விலையும் ஏறியது. அந்தப் பங்கைக் கணக்குப்பிள்ளை விட்டுத்தர மாட்டார் என்று தெரியும்.

ஆகவே பயிற்சியை ஒரே இடத்தில் செய்யாதீர்கள். முஷ்டி மூடுவதை மேசையில், வண்டியில், கூட்டத்தில், படம் பார்க்கும்போது என்று இடம் மாற்றிப் பழகுங்கள். பயணத்துக்கு முன் "அங்கே சார்ஜர் எங்கே போகும்" என்று எழுதிவிட்டுப் போங்கள். வீடு மாறுதல், வேலை மாறுதல் வந்தால் முதல் வாரமே புது ஏற்பாட்டை வைத்துவிடுங்கள். பழைய தூண்டுதல் தன் இடத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும்.

#17 நூல்கண்டு

சறுக்கியே விட்டால்? பணமும் போய், மானமும் போய், "இனி என்ன" என்று முழுசாக இறங்கிவிடுவதுதான் பார்க்கிறோம்.

#18 கணக்குப்பிள்ளை

அந்த "இனி என்ன"வுக்கு ஆலன் மார்லட் 1985-லேயே பெயர் வைத்துவிட்டார்: 'விலகியிருப்பதை மீறிய விளைவு' (abstinence violation effect). ஒரு சிகரெட் செய்யும் கெடுதலைவிட, "நான் தோற்ற ஆள்" என்ற முடிவு செய்யும் கெடுதல் அதிகம். இதை அறிவுரையால் சரிசெய்வதைவிட ஒப்பந்தத்தின் விதியில் எழுதிவிடலாம்.

கோகைன் சிகிச்சையில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் வைத்த விதி இன்றும் மிகச் சிறந்தது. முதல் சுத்தமான பரிசோதனைக்கு 2.50 டாலர் மதிப்புள்ள வவுச்சர். தொடர்ந்து வரும் ஒவ்வொரு சுத்தமான பரிசோதனைக்கும் 1.25 ஏறும். தொடர்ந்து மூன்று சுத்தம் என்றால் 10 டாலர் கூடுதல். சறுக்கினால் மதிப்பு திரும்ப 2.50-க்கு விழும், ஆனால் சம்பாதித்தது பறிபோகாது. அதற்குப் பிறகு ஐந்து பரிசோதனை தொடர்ந்து சுத்தமாக இருந்தால் விழுந்த உயரத்துக்கே திரும்ப ஏறலாம். ஏறுமுகம் இருப்பதால் இருபதாம் நாள் சறுக்குவது இரண்டாம் நாள் சறுக்குவதைவிட விலை அதிகம். மீட்பு வழி இருப்பதால் "இனி என்ன" என்று யாரும் சொல்ல முடியாது.

#19 எதிர்வாதி

இதற்கு ஒத்துப்போகும் ஒன்று, வேண்டிய பழக்கத்தின் பக்கத்திலிருந்து. 2021-ல் கேத்தரின் மில்க்மன் குழு 61,293 ஜிம் உறுப்பினர்களிடம் 54 திட்டங்களைச் சோதித்தது. முதலிடம் பிடித்தது பெரிய பரிசு இல்லை. ஒரு நாள் தவறவிட்டு *திரும்பி வந்ததற்கு* கொடுத்த சில்லறைப் பரிசு. நான்கு வாரம் முடிந்த பிறகும் விளைவு நீடித்தவை 8% திட்டங்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப்பிள்ளை வெற்றி விழா எடுத்துவிடுவார்.

#20 அந்திமழை

> ஐந்து பரிசோதனை தொடர்ந்து சுத்தமாக இருந்தால்

போனுக்கு இதை இப்படி மாற்றலாம். வாரத்துக்கு ஒரு பங்கு என்பதை இரவுக்கு ஒரு பங்கு என்று ஆக்கி, முதல் இரவுக்கு 2 அலகு, ஒவ்வொரு தொடர் இரவுக்கும் 1 ஏற்றம், உச்சம் 10. சறுக்கிய இரவுக்குப் பூஜ்யம், மறுநாள் 2-லிருந்து. தொடர்ந்து ஐந்து இரவு போன் வெளியே இருந்தால் ஆறாம் இரவு பழைய உயரம். கணக்கு எழுதுவது நடுவர், காலையில் எழுந்ததும் போன் சார்ஜரில் இருக்கும் படத்தை அனுப்பினால் போதும். அந்தப் படத்தைப் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு எடுக்க முடியாது, அது ஒரு வசதி.

#21 நூல்கண்டு

சார்ஜர் அடுத்த அறைக்குப் போகிறது. அலாரம் கடிகாரம் இருக்கிறது, பேட்டரி இல்லை. அதை இன்றைக்கே வாங்கிவிட வேண்டும், #10 சொன்ன மாதிரி.